இஸ்லாமிய நாகரிகப் பாடமும் நம் படைப்புத் திறனும்: செயல்வழிக் கற்றல் காட்டும் பாதை

இந்நாட்டின் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் சேரும் மலேசிய மாணவர் மருத்துவம் பயின்றாலும் சரி, பொறியியல் பயின்றாலும் சரி, நாகரிகம் பற்றிய ஒரு பாடத்தைக் கடந்துதான் பட்டமேற்க வேண்டும். நம் மூத்த மாணவர்களைக் கேட்டால் அதைத் 'தித்தாஸ்' என்பார்கள். இஸ்லாமிய நாகரிகம், ஆசிய நாகரிகம் ஆகியவற்றை இணைத்துச் சொல்லித் தந்த அப்பாடம் 1990களின் பிற்பகுதியில் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் கட்டாயமானது. 2013-இல் தனியார் உயர்கல்விக் கூடங்களுக்கும் விரிந்தது. 2019-இல் அதன் இடத்திற்கு, நன்னெறியையும் நாகரிகத்தையும் உணர்தல் என்று பொருள்படும் புதிய பாடம் வந்தது. எங்கள் தலைமுறை படித்தது இந்தப் புதிய பாடத்தைத்தான்.

பெயர் மாறியது, உள்ளடக்கமும் ஓரளவு மாறியது. மாறாதது ஒன்று உண்டு. வகுப்பின் முன்னால் நின்று, குழுவாக, மலாய் மொழியில், ஒரு நாகரிகத்தைப் பற்றிப் பேசியாக வேண்டிய அந்தப் படைப்புதான் அது. பல வேளைகளில் நமக்குக் கிடைக்கும் தலைப்பு இஸ்லாமிய நாகரிகமாகவே இருக்கும். அதை எப்படிப் படைப்பது, அதற்குச் செயல்வழிக் கற்றல் எவ்வாறு துணை நிற்கும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேடை ஏறியவர்கள் ஏன் மௌனமானோம்?

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு மேடை புதிதன்று. கதை சொல்லும் போட்டி, பேச்சுப் போட்டி, திருக்குறள் மனனப் போட்டி என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று நடக்கும். ஆசிரியர் எழுதித் தந்ததை மனனம் செய்து, கையை வீசி, குரலை ஏற்றி இறக்கிப் பேசிப் பரிசும் வாங்கியிருப்போம். அதே மாணவர் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் கடைசி வரிசையைத் தேடுகிறார். மலாய் மொழியில் பேசினால் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்ற கூச்சம் முதல் படிவத்திலேயே வந்துவிடுகிறது. ஐந்து ஆண்டுகள் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டுப் பல்கலைக்கழகத்திற்கு வந்தால், அந்தக் கூச்சமும் நம்மோடு பதிவு செய்துகொண்டு வந்துவிடுகிறது.

இஸ்லாமிய நாகரிகம் என்ற தலைப்பில் இன்னொரு தயக்கமும் சேர்கிறது. அரபுச் சொற்களைத் தவறாக உச்சரித்துவிட்டால்? நம்மை அறியாமல் ஒருவர் மனம் புண்படும்படி ஏதாவது சொல்லிவிட்டால்? இந்த அச்சத்தால் முஸ்லிம் அல்லாத மாணவர்கள் பலரும் குழுவில் வேறு வேலைகளைக் கேட்டு வாங்கிக் கொள்கிறார்கள். ஒருவர் வில்லைகளை அழகுபடுத்துவார். இன்னொருவர் அறிக்கையை அச்சிட்டுக் கொண்டு வருவார். பேசும் பொறுப்பு முழுவதும் குழுவிலுள்ள முஸ்லிம் நண்பர்களுக்குப் போய்விடும். அப்படியே பேச நேர்ந்தாலும் வில்லையில் இருப்பதை வரி பிசகாமல் வாசித்துவிட்டு, நன்றி கூறி அமர்ந்துவிடுகிறோம்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாசிப்பது மலாய் மாணவர்களிடமும் உள்ள பழக்கம்தான். ஆக, மொழி மட்டுமே குறையன்று; நாம் கற்ற முறையிலும் குறை இருக்கிறது. கேட்டு, எழுதி, மனனம் செய்து தேர்வில் இறக்கி வைப்பதே கல்வி என்று பழகிய ஒருவரால், ஒரே இரவில் ஒரு நாகரிகத்தைத் தம் சொந்தச் சொல்லில் விளக்க முடியாது.

மௌனத்திற்கு ஒரு விலை உண்டு

"இது வெறும் கட்டாயப் பாடந்தானே, தேறினால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். 2016-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடந்ததை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தித்தாஸ் பாட வில்லைகளில் இந்து சமயத்தையும் சீக்கிய சமயத்தையும் தவறாகவும் தாழ்வாகவும் காட்டும் வரிகள் இருந்தது அப்போது வெளியே வந்தது. அன்றைய துணைக் கல்வி அமைச்சர் ப. கமலநாதன் அதனைக் கண்டித்தார். பல்கலைக்கழகமும் வில்லைகளைத் திருத்த முன்வந்தது.

அமைச்சர் வரை போன பிறகு திருத்தம் நடந்தது நல்லதே. ஆனால் வகுப்பில் அந்த வில்லை திரையில் விழும்போதே ஒரு மாணவர் எழுந்து, பணிவாக, சான்றோடு, தெளிவான மலாய் மொழியில், "ஐயா, இது எங்கள் சமயத்தில் இவ்வாறு இல்லை" என்று சொல்லக் கூடிய நிலை இருக்க வேண்டாமா? படைப்புத் திறன் என்பது மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. நம்மைப் பற்றி நாமே பேசவும், பிறரைப் பற்றி நியாயமாகப் பேசவும் வேண்டிய திறன் அது.

இரண்டாவதாகச் சொன்னதற்கு இஸ்லாமிய நாகரிகத்திலேயே ஒரு பெரிய முன்மாதிரி உண்டு. ஏறத்தாழ 1030-ஆம் ஆண்டில் இந்தியாவைப் பற்றி அரபு மொழியில் நூல் எழுதிய அல்-பிரூனி, அதற்காகச் சமஸ்கிருதம் கற்றார். இந்துக்களின் கருத்துகளை வாதிட்டு வீழ்த்துவது தம் நோக்கமன்று, அவர்கள் சொல்வதை உள்ளபடியே எடுத்து வைப்பதே நோக்கம் என்று முன்னுரையில் தெளிவுபடுத்தினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர் வகுத்துக் கொண்ட அந்த நெறி, பிறர் சமயத்தைப் பற்றிப் படைக்கும் எவருக்கும் இன்றும் பொருந்தும். இந்து மாணவர் இஸ்லாத்தைப் பற்றிப் பேசினாலும், முஸ்லிம் மாணவர் இந்து சமயத்தைப் பற்றிப் பேசினாலும், "நான் சொல்வதைக் கேட்கும் அந்தச் சமயத்தவர், ஆம், நாங்கள் அப்படித்தான் நம்புகிறோம் என்பாரா?" என்ற கேள்வியைத் தமக்குள் கேட்டுக் கொண்டால் போதும், பாதித் தவறுகள் குறைந்துவிடும்.

செயல்வழிக் கற்றல் என்பது என்ன?

மாணவர் வெறுமனே கேட்டுக் கொண்டிராமல், பேசியும் எழுதியும் கேள்வி கேட்டும் பிறருக்குச் சொல்லிக் கொடுத்தும் கற்பதையே செயல்வழிக் கற்றல் என்கிறோம். 1991-இல் பான்வெல், ஐசன் என்னும் இருவர் எழுதிய நூலுக்குப் பிறகு உயர்கல்வியில் இச்சொல் பரவலாயிற்று. தமிழ்நாட்டில் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் இதே பெயரில் ஒரு திட்டம் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. நம் நாட்டுப் பள்ளிகளில் '21-ஆம் நூற்றாண்டுக் கற்றல்' என்ற பெயரில் நடப்பதும் இதன் உறவினமே.

இதனால் பயன் உண்டா? 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அறிவியல், பொறியியல், கணிதத் துறைகளில் நடந்த 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோல்வி விகிதம் 33.8 விழுக்காடு, செயல்வழி வகுப்புகளில் 21.8 விழுக்காடு. 2019-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நடந்த மற்றோர் ஆய்வு இன்னும் சுவையானது. செயல்வழி வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். நல்ல விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்துவிட்டதாகத் தோன்றுகிறது. நாமே முயலும்போதுதான் நமக்குத் தெரியாதது எவ்வளவு என்பது வெளிப்படுகிறது. முதல் சில வாரங்களில், "இந்த முறையால் ஒன்றும் நடக்கவில்லையே" என்று தோன்றினால் மனம் தளர வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இம்முறை மேல்நாட்டு இறக்குமதி என்று கருத வேண்டியதில்லை. முஸ்லிம்கள் நன்கறிந்த ஜிப்ரீல் ஹதீஸ் முழுவதும் கேள்வி பதிலாகவே அமைந்தது. இஸ்லாம் என்றால் என்ன, ஈமான் என்றால் என்ன, இஹ்சான் என்றால் என்ன என்று ஒருவர் வரிசையாகக் கேட்க, நபிகள் நாயகம் விடை கூறுகிறார். வந்தவர் வானவர் ஜிப்ரீல் என்றும், மார்க்கத்தைக் கற்றுத் தரவே வந்தார் என்றும் பின்னர்த் தோழர்களிடம் தெரிவிக்கிறார். ஆசிரியரைச் சுற்றி வட்டமாக அமர்ந்து கற்கும் 'ஹலகா', அறிஞர்கள் எதிரெதிரே அமர்ந்து வாதிடும் 'முனாழரா' ஆகியவையும் இஸ்லாமியக் கல்வி மரபில் வேரூன்றியவை. நம் பக்கம் பார்த்தால், மணிமேகலைக் காலத்திலேயே பட்டிமண்டபம் இருந்தது. திருவள்ளுவர் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்று மூன்று அதிகாரங்களை இதற்கென்றே ஒதுக்கினார். இரண்டு மரபுகளும் பேசிக் கற்றவைதாம். நடுவில் நாம்தான் வில்லைகளுக்குப் பின்னால் ஒளிந்து கொண்டோம்.

வகுப்பில் கைகொடுக்கும் நான்கு முறைகள்

1. எண்ணுக, இணைக, பகிர்க

1981-இல் ஃபிராங்க் லைமன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் அறிமுகப்படுத்திய முறை இது. ஒரு கேள்வி கொடுக்கப்படும். முதலில் இரண்டு நிமிடம் தனியாகச் சிந்திக்க வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டும். அதன்பின்னரே வகுப்பு முழுவதற்கும் சொல்ல வேண்டும். கூச்சமுள்ளவருக்கு இது பெரிய வரம். நாற்பது பேர் முன்னால் சொல்வதற்கு முன், ஒரே ஒருவரிடம் அதைச் சொல்லிப் பார்த்துவிடுகிறோம். மலாய்ச் சொல் ஒன்று நினைவுக்கு வராவிட்டால் அவர் எடுத்துக் கொடுப்பார். இரண்டாம் முறை சொல்லும்போது நாக்கு தானாகத் திருந்திவிடும்.

2. துண்டு சேர்த்தல்

புதிர்ப்படத்தின் துண்டுகளைச் சேர்ப்பது போன்ற இம்முறை பிறந்த கதை நமக்கு முக்கியமானது. 1971-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், அதுவரை தனித்தனியே படித்த வெள்ளையர், கறுப்பர், ஸ்பானிய வழியினர் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்த்தப்பட்டார்கள். பூசல் மூண்டது. எலியட் அரன்சன் என்ற உளவியல் அறிஞர், ஒருவரின் உதவியின்றி இன்னொருவர் பாடத்தை முடிக்க முடியாதபடி வகுப்பை மாற்றி அமைத்தார். ஒவ்வொரு பிள்ளையிடமும் பாடத்தின் ஒரு பகுதி மட்டுமே இருக்கும். அவர் வாய் திறந்தால்தான் மற்றவர்களுக்கு அது கிடைக்கும்.

பல இனத்தவர் கூடிப் படிக்கும் நம் வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடைப்பது அரிது. அப்பாசியர் காலம் முதல் வளர்ந்த அறிவுத்துறைகள் என்ற தலைப்பை எடுத்துக் கொள்வோம். ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒருவருக்கு மொழிபெயர்ப்பு: கிரேக்க, பாரசீக, சமஸ்கிருத நூல்கள் அரபுக்குப் போனது, அதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறிஸ்துவ அறிஞரின் பங்கு. அடுத்தவருக்குக் கணிதம்: அல்-குவாரிஸ்மியும், இந்தியாவிலிருந்து சென்ற எண்முறையும். மூன்றாமவருக்கு மருத்துவம்: இப்னு சீனாவின் நூல் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டுகள் பாடமாக இருந்தது. நான்காமவருக்கு வானியல், ஐந்தாமவருக்குக் காகிதம் பரவிய வரலாறு.

எல்லாக் குழுக்களிலும் கணிதம் எடுத்தவர்கள் முதலில் ஒன்றாகக் கூடித் தங்கள் பகுதியை ஆராய்வார்கள், மற்றவர்களும் அப்படியே. பிறகு அவரவர் குழுவுக்குத் திரும்பித் தம் பகுதியைக் கற்பிப்பார்கள். இதில் 'அச்சிடும் பொறுப்பு' என்று ஒன்று கிடையாது. ஐவரும் பேசியாக வேண்டும். இந்திய எண்முறை அரபு உலகத்தின் வழியாக உலகெங்கும் போனதைத் தமிழ் மாணவர் ஒருவர் விளக்கும்போது, இஸ்லாமிய நாகரிகம் என்பது தமக்குத் தொடர்பில்லாத ஒன்று என்ற எண்ணமும் அகன்றுவிடும்.

3. கண்டு, கேட்டு வருதல்

கிள்ளான் பள்ளத்தாக்கில் படிக்கும் நமக்கு நூலகத்திற்கு வெளியேயும் பாடநூல் விரிந்து கிடக்கிறது. 1909-இல் திறக்கப்பட்ட ஜாமெக் பள்ளிவாசல், 1863 முதல் வரலாறு கொண்ட மஸ்ஜிட் இந்தியா, 1998-இல் திறக்கப்பட்ட இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் கந்தசுவாமி கோயிலும் பௌத்த மகா விகாரையும் பாத்திமா மாதா தேவாலயமும் தமிழ் முஸ்லிம்களின் கௌதிய்யா மதரஸாவும் நடந்து போகும் தூரத்திலேயே உள்ளன. நாகரிக உரையாடல் என்று ஏட்டில் படிப்பதை அங்கே தெருவில் பார்க்கலாம்.

நான் கிள்ளானைச் சேர்ந்தவன். எங்கள் குழுவின் தலைப்பு மலாய் உலகில் இஸ்லாம் பரவியதில் வணிகர்களின் பங்கு. குழுவில் மலாய் நண்பர்கள் மூவர், சீன நண்பர் ஒருவர், நான். தெங்கு கிளானா சாலையில் உள்ள இந்திய முஸ்லிம் பள்ளிவாசலுக்குப் போகலாம் என்று சொன்னேன். தீபாவளிக்குத் துணி வாங்கப் போகும் அந்தச் சாலையில் இப்படி ஒரு வரலாறு இருப்பதை மற்ற நால்வரும் எண்ணிப் பார்த்ததில்லை. அங்கிருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் தமிழில், "தம்பி, படத்தை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிடாதீங்க. உட்கார்ந்து கேளுங்க" என்றார். கேட்டோம். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் மலாய் மொழியில் நண்பர்களுக்குச் சொன்னேன். அன்று ஒரு மணி நேரம் நான் மலாய் பேசிக் கொண்டே இருந்ததைப் பின்னர்தான் உணர்ந்தேன். சொல்வதற்கு உண்மையாகவே ஒரு செய்தி இருக்கும்போது உச்சரிப்பைப் பற்றிய கவலை பின்னுக்குப் போய்விடுகிறது.

அந்தப் படைப்பில் முன்ஷி அப்துல்லாவைப் பற்றியும் சேர்த்தோம். பள்ளியில் மலாய் இலக்கியத்தின் முன்னோடியாக நாம் எல்லாரும் படித்தவர் அவர். அவருடைய முன்னோர்களில் யேமனிலிருந்து வந்த அரபியரும் உண்டு, நாகூர்த் தமிழ்ப் பெண்ணும் உண்டு. மலாக்காவில் வணிகர்களின் கணக்கு மொழியாகத் தமிழ் விளங்கியதால் தாம் தமிழ் கற்றதை அவரே எழுதியிருக்கிறார். மலாய் மொழியில் உள்ள 'லெபாய்' என்ற சொல்லுக்கும் நம் 'லெப்பை'க்கும் உள்ள உறவையும், அரபு எழுத்தில் மலாய் எழுதிய ஜாவியைப் போலவே அரபு எழுத்தில் தமிழ் எழுதிய அரபுத் தமிழ் இருந்ததையும் சொன்னபோது வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. கேள்விகள் வந்தன. தமிழ் முஸ்லிம்கள் வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று ஒருவர் கேட்டார். மஸ்ஜிட் இந்தியாவில் தமிழில் சொற்பொழிவு நடப்பதைச் சொன்னேன். முதல் வாரத்திலிருந்து என்னோடு பேசாத ஒரு தோழர், வகுப்பு முடிந்ததும் வந்து உமறுப்புலவர் யார் என்று விசாரித்தார்.

இவ்வாறு செல்வோர் முன்கூட்டியே அனுமதி பெறுவதும், உடையில் கண்ணியம் காப்பதும், தொழுகை நேரத்தைத் தவிர்ப்பதும் அவசியம்.

4. எதிர்க் கேள்வி

படைப்புக்கு முதல் நாள், ஒரு குழு மற்றொரு குழுவின் முன் பேசிக் காட்ட வேண்டும். கேட்கும் குழு ஆளுக்கொரு கேள்வி கேட்க வேண்டும். பாராட்டு ஒன்றும் திருத்தம் ஒன்றும் சொல்ல வேண்டும். நமக்கு விடை தெரியாத இடம் அங்கேயே தெரிந்துவிடும். உண்மையான படைப்பில் தெரியாத கேள்வி வந்தால், 'சாயா அக்கான் செமாக் செமூலா' என்று, அதாவது மீண்டும் சரிபார்த்துச் சொல்கிறேன் என்று கூறுவது தோல்வியன்று. சமயம் பற்றிய பாடத்தில் ஊகித்துச் சொல்வதைவிட அதுவே நேர்மை.

பேசுவோர் மனத்தில் கொள்ள வேண்டியவை

முதலாவது, வில்லையில் வாக்கியம் வேண்டாம்; ஒரு படமோ ஐந்தாறு சொற்களோ போதும். வாசிக்க ஒன்றும் இல்லாவிட்டால் பேசித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது, உரை முழுவதையும் மனனம் செய்யாதீர்கள். முதல் மூன்று வாக்கியங்களையும் கடைசி இரண்டு வாக்கியங்களையும் மட்டும் உறுதியாக வைத்துக் கொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளி மேடையில் கற்ற குரல் வளமும் நிமிர்ந்த நிலையும் நம்மிடம் இருக்கின்றன. ஒப்புவிக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்.

மூன்றாவது, அரபுச் சொற்களைப் பட்டியலிட்டு முஸ்லிம் நண்பரிடம் சொல்லிக் காட்டித் திருத்திக் கொள்ளுங்கள். நம் தெய்வப் பெயர்களை அவர் சரியாக உச்சரிக்க முயன்றால் நாம் எவ்வளவு மகிழ்வோமோ, அதே மகிழ்ச்சி அவருக்கும் உண்டு.

நான்காவது, திருக்குர்ஆன் வசனத்தையோ ஹதீஸையோ எடுத்தாளும்போது இடத்தைக் குறிப்பிடுங்கள். வரலாற்றுச் செய்தியையும் நம்பிக்கையையும் பிரித்துச் சொல்லுங்கள். "முஸ்லிம்கள் இவ்வாறு நம்புகிறார்கள்" என்பது ஒரு வகை வாக்கியம். "இந்த ஆண்டில் இது நடந்தது" என்பது வேறு வகை.

குறைகளும் உண்டு

செயல்வழிக் கற்றலும் மந்திரக்கோல் அன்று. நூற்றுக்கணக்கானோர் அமரும் விரிவுரை மண்டபத்தில் துண்டு சேர்த்தலை நடத்துவது கடினம். டுடோரியல் வகுப்புகளே அதற்கு ஏற்றவை. பேச்சுத் திறன் மிக்க ஒருவர் மற்றவர்களை அமுக்கிவிடுவதும் நடக்கும். ஆகவே ஒவ்வொருவருக்கும் நேரம் வரையறுத்து, குழு மதிப்பெண்ணோடு தனி மதிப்பெண்ணும் வழங்க வேண்டும். பாடத்தைப் படிக்காமல் வந்து கலந்துரையாடினால் அது வெறும் அரட்டையாகிவிடும். முதலில் வாசிப்பு, பிறகுதான் பேச்சு.

இத்தகைய சிக்கல் நமக்கு மட்டும் உரியதும் அன்று. இலங்கையில் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கற்கைகளுக்கும் அரபு மொழிக்கும் தனிப் பீடமே இருக்கிறது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மாணவர்கள் பலர் அங்கே பயில்கிறார்கள். பாடம் அவர்களுடைய சொந்தச் சமயம்தான். ஆனாலும் கற்றதை ஓர் அவையின் முன் தெளிவாக எடுத்துரைக்கத் தனிப் பயிற்சி அவர்களுக்கும் வேண்டியதே. அறிவு வேறு, அதை அவையில் வைக்கும் திறன் வேறு.

நாம் செய்யக் கூடியவை

வகுப்பு முறையை மாற்றுவது விரிவுரையாளர்களின் கையில் இருக்கலாம்; பயிற்சி நம் கையில் இருக்கிறது. நம் மொழிக் கழகங்கள் கலை இரவுக்கும் நாடகத்திற்கும் எத்தனையோ இரவுகள் ஒத்திகை பார்க்கின்றன. அவற்றில் மாதம் ஓர் இரவைப் படைப்புப் பயிற்சிக்கு ஒதுக்கலாமே! முதலாண்டு மாணவர்கள் தங்கள் நாகரிகப் பாடத் தலைப்பை மலாய் மொழியில் பேசிக் காட்டட்டும்; மூத்தவர்கள் கேள்வி கேட்கட்டும். பணியில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் ஒருநாள் வந்து கேட்டுத் திருத்தினால் இன்னும் சிறப்பு. நேர்காணல் அறையில் வாய் திறக்க முடியாமல் வேலையை இழந்தவர்களை அவர்கள் பார்த்திருப்பார்கள்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1995-இல் இஸ்லாமும் கன்பூசியமும் பற்றிய நாகரிக உரையாடல் மாநாடு நடந்தது. அதையொட்டி நாகரிக உரையாடலுக்கென ஒரு மையமும் அங்கே உருவானது. உரையாடல் என்றால் இரு பக்கமும் பேச வேண்டும். ஒரு பக்கம் கடைசி வரிசையில் மௌனமாக அமர்ந்திருந்தால் அது உரையாடல் ஆகாது.

தமிழ்ப்பள்ளி நமக்கு மேடையைத் தந்தது. தேசியப் பள்ளி மலாய் மொழியைத் தந்தது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும் இடம் பல்கலைக்கழகம். அடுத்த முறை குழுவில் வேலை பிரிக்கும்போது, "நான் பேசுகிறேன்" என்று முதலில் சொல்பவர் நம்மவராக இருக்கட்டும்.